கேள்வி கேட்க வந்த பிரெஞ்சுக்கார அம்மா

நான் கணக்கு டீச்சர். அரசுப் பெண்கள் பள்ளியில் வேலை. அன்றைக்கு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஏதோ வெளிநாட்டு எண்ணிலிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது.

"வணக்கம் டீச்சர். நான் பாரிஸில இருந்து கதைக்கிறன். உங்கட நாவலைப் பிரெஞ்சில மொழிபெயர்க்கிறன். எனக்கு ஒண்டு விளங்கேல்ல. இந்த அத்தை ஆர்?"

பேச்சு அசல் யாழ்ப்பாணம். புலம்பெயர்ந்த யாரோ இலங்கைப் பெண் என்று நினைத்துக்கொண்டேன். பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என் எண்ணை வாங்கியிருப்பதாகப் பதிப்பாளர் சொல்லியிருந்தார். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் இவர் என்றும், பிறவியிலேயே பிரெஞ்சுக்காரி என்றும், அங்கே சில நாவல்கள் எழுதியவர் என்றும் எனக்கு அப்போது தெரியாது.

நான் எழுதிய ஒரே நாவல் அது. காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. புருஷன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியோடு போய்விடுகிறான். அவள் தனியாகத் தொழிலைப் பார்த்துக்கொண்டு, மகனையும் வளர்க்கிறாள். பல வருஷம் கழித்து அவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கிறாள். நாவல் அங்கே முடிகிறது. அந்தக் கதவு திறக்கிற இடத்தைப் படித்துவிட்டு அழுததாக எத்தனையோ பேர் எனக்கு எழுதினார்கள்.

இத்தனை பேர் படித்ததில் அத்தை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒரு அத்தை இருக்கிறாள், சமைக்கிறாள், திட்டுகிறாள், அவ்வளவுதான். மாலை வீட்டுக்கு வந்து திருப்பிக் கூப்பிட்டேன்.

"அத்தைன்னா அத்தைதாங்க" என்றேன்.

"அப்பாவின்ர சகோதரியோ, மாமியாரோ, மாமாவின்ர மனுசியோ? பிரெஞ்சில மாமியாருக்கு வேற சொல்லு, மற்றவைக்கு வேற சொல்லு. மூண்டாம் அத்தியாயத்தில அப்பாவின்ர சகோதரி மாதிரி இருக்கு. ஒன்பதில மாமியார் மாதிரி இருக்கு."

தமிழில் ஒரே சொல் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு போகும் என்ற தைரியத்தில் எழுதியது. தப்பித்துக்கொள்ள, "ரெண்டும்தான். அப்பாவோட அக்கா, மாமியாரும் அவங்களே" என்றேன்.

"ஓம். அப்ப அவள் அத்தையின்ர மகனைத்தான் கட்டினவள்."

"ஆமாம்."

"அப்ப ஏன் அவனைப் பஸ் நிலையத்தில முதல் தரம் காணுறாள்?"

ஒரு கேள்வியிலிருந்து தப்பிப்பதற்காக என் கதாநாயகிக்குப் போனிலேயே அத்தை மகனைக் கட்டி வைத்துவிட்டேன். அந்த ஒரு பொய்யைச் சரிக்கட்ட எனக்கு ஒரு வாரம் ஆனது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் தினமும் கேள்விதான். அவள் காப்பியை ஆற்றினாள் என்று எழுதியிருந்தால், எவ்வளவு உயரத்திலிருந்து என்பார். மழை சாரலடித்தது என்றால் எந்தப் பக்க ஜன்னல் என்பார். ஆனியில் நாள் தள்ளிப்போன கதாநாயகிக்கு அடுத்த வருஷம் வைகாசியில் குழந்தை பிறப்பதைக் கண்டுபிடித்தார். கணக்கு டீச்சர் எழுதிய நாவலில்! "இன்னா, யானைக்குட்டியா?" என்று வீட்டுக்காரர் அன்றைக்கும் சிரித்தார். தமிழில் ஆயிரம் பிரதிக்கு மேல் விற்றுவிட்டதே, இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்று தமிழ் வாசகர்கள் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

கடைசியில் ஒருநாள், "டீச்சர், போனில ஏலாது. நான் வாறன்" என்றார்.

வந்தது மே மாதத்தில். வேறு எந்த மாதமும் அவருக்குக் கிடைக்கவில்லை. சித்திரை வெயிலில் காஞ்சிபுரத்தில் எங்கள் செவிலிமேட்டுத் தெருவில் நாய்கூட நடக்காது. ஆட்டோவிலிருந்து இறங்கியவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலைமுடி, தடித்த கண்ணாடி, கசங்கிய பருத்திச் சட்டை. ஒரு பெட்டி நிறைய அகராதிகள். இன்னொரு கையில் சொந்தத் தலையணை. என் நாவலின் பக்கங்களிலிருந்து கலர் கலராகக் காகிதத் துண்டுகள் துருத்திக்கொண்டு, கோயில் தேர் மாதிரி இருந்தது புத்தகம். அவ்வளவும் கேள்வி.

மாடி அறையில் தங்க வைத்தோம். சாப்பாட்டுக்கு முகம் சுளிக்கவில்லை, வெயிலுக்கும் சுளிக்கவில்லை. கோடை விடுமுறையில் கொஞ்சம் படுக்கலாம் என்று நான் கண்ணை மூடும்போதெல்லாம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். "டீச்சர், நித்திரையோ?" நித்திரைதான், அம்மா. அதைச் சொல்ல விடுவாரா!

கேள்வி கேட்காத நேரம் சாயங்காலம் மட்டும்தான். மொட்டைமாடியில் காற்று வர ஆரம்பித்ததும் இருவரும் உட்காருவோம். அப்போது நான் கேட்பேன், அவர் சொல்வார்.

பிரான்சின் வடக்கே ஒரு சின்ன ஊர். ரயில் நிலையத்துக்கு எதிரே அவருடைய அம்மா ஒரு சிறிய விடுதி நடத்தியிருக்கிறார். பள்ளிவிட்டு வந்தால் மகளுக்கு வேலை, படுக்கை விரிப்புகளை மாற்றுவது. எங்கெங்கிருந்தோ வந்து ஓர் இரவு தங்கிப் போகிறவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தெரியாத மொழியில் சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். "எனக்கு அது சரியான எரிச்சல். என்ர வீட்டில இருந்துகொண்டு எனக்கு விளங்காமல் சிரிக்கினம்" என்றார். இருபத்தாறு வயதில் அந்த விடுதியை வைத்து ஒரு நாவல் எழுதினார். பேசப்பட்டது. படத்தோடு பத்திரிகைகளில் வந்தது. கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். அடுத்து எழுதிய நாவலை யாரும் வாங்கவில்லை. அதற்கடுத்ததைப் பதிப்பாளரே வேண்டாவெறுப்பாகப் போட்டார். நாடகக் கொட்டகையில் விளக்கு அமைக்கும் வேலை பார்த்த கணவரும் பிரிந்து போய்விட்டார். மகளை வளர்க்க ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க ஆரம்பித்தார். முதலில் சலவை இயந்திரத்தை எப்படி இயக்குவது என்கிற கையேடு. பிறகு துப்பறியும் கதைகள். "துப்பறியும் கதையில ஒரு பிழையும் விடேலாது டீச்சர். கத்தி எந்தக் கையில இருந்தது எண்டு கடைசியில கேப்பினம்." இந்தப் பிடுங்கல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

தமிழ் வந்தது பாரிஸில் அவர் குடியிருந்த வீட்டுக்குக் கீழே இருந்த மளிகைக் கடையிலிருந்து. கடை நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்த ஒரு பெண்மணி. வேலையாட்களோடு அவர் நாள் முழுக்க ஏதோ சொல்லிச் சிரிப்பாராம். நாற்பதை நெருங்கும் வயதில் அந்தச் சிரிப்பு என்னவென்று தெரிந்துகொள்ள, குழந்தைகளின் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண்மணியிடமே தமிழ் படித்திருக்கிறார். பத்து வருஷம்.

"என்னதான் சொல்லிச் சிரிச்சாங்க?" என்று கேட்டேன்.

"என்னைப் பற்றித்தான். நான் தக்காளி வாங்கிற விதம். ஒவ்வொண்டா அமத்திப் பாப்பன்" என்றார்.

அந்தக் கடைக்காரப் பெண்மணியை நினைத்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அவர் சிரித்துவிட்டுப் போனார். நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்படியே ஒப்பேற்றியிருப்பேன், தறியில்தான் மாட்டிக்கொண்டேன். 'பாவு அறுந்த மாதிரி பேச்சு நின்றது' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஓர் இழையா, மொத்தமா, சத்தம் வருமா, வராதா என்று தொடங்கினார். எனக்கு எப்படித் தெரியும்? நான் திருமுக்கூடல் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். தறிக்காரக் குடும்பம் என் வீட்டுக்காரருடையது. அவரும் தறியை விட்டு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய அக்கா மட்டும் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கிறார். அங்கே போய்ச் சத்தம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று நானேதான் வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும், ஐயோ என்று இருந்தது.

என் நாவலில் வருகிற பெண் யார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நாத்தனாருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. காதல் கல்யாணம் என்று இரண்டு வீடும் எங்களைத் தள்ளி வைத்தபோது எங்களுக்காக நின்றவர் அவர் ஒருவர்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன பெண், தம்பியின் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்துவதா என்று ஊர் பேசியது. அதற்கெல்லாம் அசையவில்லை. இன்றைக்கு ஆள் வைத்துத் தறிகள் ஓட்டுகிறார். பட்டுக் கடைக்காரர்களே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள்.

"அங்க போய்ப் புத்தகத்தைப் பத்திப் பேசாதீங்க. தறியை மட்டும் பார்த்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

"ஓம் ஓம்" என்றார்.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. முதலில் நாத்தனார் இறங்கினார். அவருக்குப் பின்னால், கையில் இளநீரோடு அந்த அம்மா.

"இன்னாம்மா, என்னப் பத்தி பொஸ்தகம் எழுதிக்கிறியாமே? பாரிஸ்ல இருந்து ஒருத்தி வந்து சொல்லித்தான் எனுக்குத் தெரியணுமா?"

"உங்களப் பத்தி இல்ல அண்ணி. அது கதை."

"கததான். புருசன் வுட்டுட்டுப் போனான், வேப்பமரத்தாண்ட நின்னுக்கினு அயுதா, தறிய வச்சிக்கினு பொயச்சா. காஞ்சிவரத்துல இது வேற யாரு கத?"

"எத்தனையோ பேருக்கு நடக்குது அண்ணி."

"அந்த வேப்பமரத்துல நசுங்கின டப்பா கட்டி காக்காவுக்குத் தண்ணி வச்சது எத்தினி பேரு?"

அந்த டப்பாவையாவது எழுதாமல் விட்டிருக்கலாம். அந்த அம்மாவைப் பார்த்தேன்.

"நான் ஒண்டும் சொல்லேல்ல டீச்சர். மரத்தைக் கண்டன், டப்பாவைக் கண்டன். 'இது நாப்பத்திரண்டாம் பக்கம்' எண்டு மட்டும்தான் சொன்னன். அதில என்ன இருக்கு எண்டு அவதான் கேட்டவ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன். நாத்தனார் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, "சரி, எனுக்கு முழுசாத் தெரியணும். படிச்சுக் காட்டு" என்றார். நான் புத்தகத்தை எடுக்கப் போனேன்.

"நீ வேணாம். நீ படிச்சா வேணுங்கறத வுட்டுட்டுப் படிப்ப. இந்தம்மா படிக்கட்டும்."

அப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. தினமும் மத்தியானம் தறிச் சத்தம் நின்றதும் நாத்தனார் வீட்டுக் கூடத்தில் வாசிப்பு. அந்த அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு வாசிப்பார். நான் எழுதிய காஞ்சிபுரம் அவர் வாயில் யாழ்ப்பாணமாகிவிடும். நாத்தனார் தாம்பூலத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு கேட்பார். நானும் வர வேண்டும் என்பது உத்தரவு. நான் எழுதிய புத்தகத்தை நான் கேட்பதற்கு இரண்டு பஸ் மாறி, அதுவும் ஒருநாள் கருட சேவைத் திருவிழாக் கூட்டத்தில் நசுங்கிப் போய்வந்தேன்.

முதல் நாள் பாதிப் பேச்சு ஒருவருக்கொருவர் புரியவில்லை. "உங்களோட நிறையக் கதைக்க வேணும்" என்று அந்த அம்மா சொன்னதும், நாத்தனார் என்னைப் பார்த்து, "இன்னா, கத வுடணுமாமே? ஏற்கெனவே நீ வுட்டது பத்தாதா?" என்றார். யாழ்ப்பாணத்தில் கதைப்பது என்றால் பேசுவது என்று நான் விளக்கினேன். ஆக, பிரெஞ்சுக்காரியின் தமிழை என் நாத்தனாருக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மூன்று நாளில் என் தேவை தீர்ந்துவிட்டது. இருவரும் நேராகவே பேச ஆரம்பித்தார்கள். வேப்பமரத்தடியில் கதாநாயகி நின்று அழுகிற இடம் வந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். வாசித்து முடித்துவிட்டு, "அண்டைக்கு இப்பிடித்தான் இருந்ததோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"அயுவுறதா? காலைல இருந்து ஒண்ணுஞ் சாப்புடல. அந்தாளு போனது தெரிஞ்சி ஊரே வந்து வாசல்ல குந்திக்கினு இருக்குது. அதுங்க எதுருல எப்பிடிச் சாப்புடறது? எல்லாம் எப்பப் போவும்னுதான் மரத்தாண்ட நின்னுக்கினு பாத்துக்கினு இருந்தேன். பசிம்மா. கண்ணுல தண்ணி வந்துக்கும்."

அந்த அம்மா தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நாத்தனாரும் சிரித்தார். ஒரு பக்கம் முழுக்க நான் எழுதிய துக்கத்தின் மேல் இருவரும் விழுந்து விழுந்து சிரிக்க, நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாமே இப்படி இல்லை. மகனைப் பள்ளியில் சேர்க்கிற அத்தியாயத்தை நாத்தனார் மறுபடி வாசிக்கச் சொன்னார். "இது நல்லாக்குது" என்றார். விமர்சகர்கள் எழுதியதையெல்லாம் விட அது எனக்குப் பெரிதாக இருந்தது. மறுநாளே, "அந்த அத்தை யாரு? எங்க வூட்டுல அப்பிடி யாரும் இல்லியே" என்று அவரும் ஆரம்பித்துவிட்டார்.

கடைசி அத்தியாயம் வந்தது. அவன் தட்டுகிறான். அவள் எழுந்து போகிறாள். தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். திறக்கிறாள். அந்த அம்மா மெதுவாக வாசித்துப் புத்தகத்தை மூடினார். நாத்தனார் தாம்பூலத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இன்னாத்துக்குத் தொறந்தா?"

"மன்னிச்சுட்டா அண்ணி" என்றேன்.

"மன்னிப்ப யாரு கேட்டா? நான் தொறக்கல. அந்தாளு தட்டிக்கினே இருந்தான். ரேடியோவச் சத்தமா வச்சிட்டு தறில குந்திக்கினேன். நெய்ய நெய்யப் பாவு நிக்கல. அறுந்து அறுந்து போவுது. முடி போட்டு முடி போட்டு நெய்யிறேன். ஆனா தொறக்கல."

எனக்கு அது புதிதில்லை. வீட்டில் எங்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு என் மாமியார் சொல்லியிருக்கிறார். தெரிந்தேதான் மாற்றினேன். நாவல் என்றால் எங்கேயாவது போய் நிற்க வேண்டும். கதவைத் திறந்தால் படிக்கிறவர்களுக்கு ஒரு நிம்மதி. ரேடியோ அலறிக்கொண்டிருக்க, தறி ஓடிக்கொண்டிருக்க, வெளியே ஒருத்தன் தட்டிக்கொண்டே இருந்தால் அது முடிவா? அப்போது அப்படித்தான் நினைத்தேன். அதை இருவரிடமும் சொல்லவும் சொன்னேன்.

"இது என் நாவல் அண்ணி. அவ நீங்க இல்ல."

"வேப்பமரத்தாண்ட நான். கதவாண்ட மட்டும் வேறொருத்தியா?" என்றார் நாத்தனார். எழுந்து தறிப்பக்கம் போய்விட்டார்.

திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில் அந்த அம்மா வாயைத் திறந்தார். "டீச்சர், கோவிக்காதேங்கோ. நானும் அந்த முடிவை நம்பேல்ல. பாரிஸிலயே நம்பேல்ல."

"அப்புறம் எதுக்கு மொழிபெயர்க்கிறீங்க?"

"மற்றதெல்லாம் நல்லா இருக்கு."

"எப்படி இருக்கணும்னு தெரிஞ்சா நீங்களே ஒரு நாவல் எழுத வேண்டியதுதானே? உங்க நாவல் விக்கலேன்னுதானே என் நாவலைப் பிடிச்சீங்க?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா முகம் மாறவில்லை. "ஓம். உண்மை" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அந்த 'ஓம்' என் காதிலேயே இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மாடியிலிருந்து செருப்புச் சத்தம் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். தூக்கம் வரவில்லை. கடைசியில் நானே டீ போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

"முடிவை மாத்தப் போறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் அதிர்ந்து போய் என்னைப் பார்த்தார். "நான் எப்பிடி மாத்துறது? நான் மொழிபெயர்ப்பாளர். நீங்கள் கதவைத் திறந்தா நானும் திறப்பன். நம்பாட்டிலும் திறப்பன். வடிவாய்த் திறப்பன்." வடிவாய் என்றால் அவர் தமிழில் அழகாய். பிறகு, "ஆனா யானைக்குட்டியைத் திருத்தித் தாங்கோ" என்றார். மாதத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

பள்ளி திறக்கிறதற்கு முன்னால் அவர் கிளம்பிவிட்டார். கிளம்புகிற அன்றைக்கு நாத்தனார் வந்து ஒரு சேலை கொடுத்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. எனக்கு இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி நிறத்தில் ஒன்று கொடுத்ததில்லை.

பிரெஞ்சுப் புத்தகம் அடுத்த வருஷம் தபாலில் வந்தது. ஆசையாகப் பிரித்தேன். அட்டையில் மணல்மேட்டில் தலையில் குடத்தோடு ஒரு பெண் நடந்துபோகிறாள். பின்னால் ஓர் ஒட்டகம். காஞ்சிபுரத்தில் ஒட்டகம்! போனில் கூப்பிட்டுக் கத்தினேன். எனக்கு முன்னாலேயே அவர் பதிப்பகத்தாரிடம் கத்தியிருக்கிறார். இந்தியா என்றால் அங்கே அப்படித்தான் விற்கும் என்றார்களாம். ஒட்டகம் இருந்தும் விற்கவில்லை. ஒரே ஒரு பத்திரிகையில் மதிப்புரை வந்தது. முடிவு மனதைத் தொட்டதாக எழுதியிருந்தார்கள். அதை அவரே எனக்குப் படித்துச் சொன்னார், ஒரு சொல் விடாமல். "பாத்தியளோ, நான் வடிவாய்த் திறந்திருக்கிறன்" என்றார்.

அதற்கப்புறம் கேள்விகள் நின்றன. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு வாழ்த்து வரும், அவ்வளவுதான். நானும் இரண்டாவது நாவலை ஆரம்பித்தேன், நிறுத்தினேன், ஆரம்பித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் யாரோ செருப்புச் சத்தத்தோடு மாடியிலிருந்து இறங்கி வருகிற மாதிரி இருக்கும். ஜன்னல் எந்தப் பக்கம் என்று நானே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவேன். எரிச்சலாக இருக்கும்.

போன வருஷம் இன்னொரு புத்தகம் தபாலில் வந்தது. இந்த முறை அட்டையில் அந்த அம்மாவின் பெயர். பல வருஷம் கழித்து அவர் எழுதிய சொந்த நாவல். எனக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்து தெரியாது. புதுச்சேரியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சுப் பேராசிரியை ஒருவர் எனக்குப் பழக்கம். புத்தகத்தை அவருக்கு அனுப்பினேன். அவர் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. அங்க இப்ப இதைப் பத்தித்தான் பேசறாங்களாம், மறுபதிப்பும் வந்துடுச்சு" என்று ஆரம்பித்துக் கதையைச் சொன்னார். வடக்குப் பிரான்சில் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதி. அதை நடத்துகிற பெண்ணை விட்டுவிட்டுப் போன புருஷன் பல வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட ஆரம்பிக்கிறாள். அவன் தட்டிக்கொண்டே இருக்கிறான். இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்தபடி அவள் நிற்க, துணி கருகுகிறது. அடுத்த துணியை எடுத்து விரிக்கிறாள்.

"அதோட முடியுதா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, அதுதான் ஆரம்பம். முதல் அத்தியாயம். அப்புறம் இன்னொண்ணு, பக்கத்து வீட்டுல ஒரு கணக்கு டீச்சர் வர்றாங்க. எதுக்கெடுத்தாலும் கோபம். ரேடியோவைக் குறைக்கச் சொல்லிச் சுவரைத் தட்டிக்கிட்டே இருக்காங்க. நல்ல வேடிக்கையான பாத்திரம்!" பேராசிரியை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தில் நான் சரியாகப் புரட்டாமல் விட்ட முன்பக்கத்தில், பிரெஞ்சுக்கு நடுவே தமிழ் எழுத்தில் ஒரு வரி இருப்பதாகவும் சொன்னார்: 'கதவு திறக்காத அக்காவுக்கு.'

அன்றைக்கு மத்தியானமே பாரிஸுக்குக் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். பரவாயில்லை என்று கூப்பிட்டேன்.

"என் நாத்தனார் கதையை எடுத்துட்டீங்க!"

"ஓம். அவவைக் கேட்டுத்தான் எடுத்தனான்."

"எப்ப?"

"அந்தச் சேலை தந்த அண்டைக்கு. நீங்கள் கீழ ஆட்டோ பாக்கப் போயிட்டியள். 'உங்கட டீச்சர் விட்ட இடத்தை நான் எடுக்கலாமோ' எண்டு அவவைக் கேட்டன். எடு எண்டு சொன்னவ." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "நீங்கள் பஸ்ஸில சொன்னது எனக்குப் பெரிய உதவி டீச்சர். 'நீங்களே எழுத வேண்டியதுதானே' எண்டு. அந்த ராத்திரியே விடுதிக் கதையைத் தொடங்கிட்டன், கதவு மட்டும் அவ தந்த பிறகுதான். ரெண்டு நாள் கீழ வரேல்லத்தானே."

நான் வதைபட்டுக்கொண்டு படுத்திருந்த அந்த இரண்டு நாளும் அவர் மாடியில் நாவல் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். நானோ டீ போட்டுக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன்.

போனை வைத்துவிட்டு நேராகப் பிள்ளையார்பாளையம் போனேன். நாத்தனார் பட்டு நூலைத் தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணி, அவங்களுக்கு அந்தக் கதையைக் குடுத்தீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "அவ கேட்டா, குடுத்தேன். நீ கேட்டியா?"

"நான் கேட்டிருந்தா?"

"குடுத்திருப்பேன். நீ எங்க கேட்ட? நீயே எடுத்துக்கினு, புடிக்காததத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்ட." பிறகு ஏதோ நல்ல சேதி சொல்வது போல, "மார்கழில வர்றாளாம். அந்தப் புதுப் பொஸ்தகத்தத் தமிழ்ல படிச்சிக் காட்டுறேன்னு சொல்லிக்கிறா. இங்கதான் தங்குறா. கட்டிலு வாங்கிட்டேன்" என்றார்.

கூடத்து மூலையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் ஒரு புதுக் கட்டில் கிடந்தது.

"எங்க வீட்டு மாடி சும்மாதானே இருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்க வூட்டுல நீ தூங்கிக்கினே இருக்கியாமே" என்றார் நாத்தனார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஷிஃப்டுக்கு டிபன் பாக்ஸைக் கட்டினார். சிரிக்காமல் இருக்க அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. மார்கழியில் எனக்கு அரையாண்டுத் தேர்வு, தாள் திருத்தணும், வாசிப்புக் கூத்துக்கெல்லாம் வர முடியாது, அக்காகிட்ட சொல்லிடுங்க என்றேன். சொல்கிறேன் என்றார். என்ன சொன்னாரோ தெரியவில்லை. மறுநாள் நாத்தனாரிடமிருந்து போன்.

"தேர்வு மத்தியானம் முடிஞ்சிடும்ல? தாளுங்கள இங்கியே எடுத்துக்கினு வா. திருத்திக்கினே கேளு. உன்ன மாதிரி ஒருத்தி அதுல வர்றாளாம்ல, தப்பாப் படிச்சா நீதான சொல்லணும்?"